தென்துருவம் தாண்டிய தேசத்துக்கு ஒரு பாராட்டுமடல்

கடல் தானே அஞ்சி ஒதுங்கி வழிவிடும் தூரிகையை ஏந்தியவர்களும், பூமத்திய ரேகையைக் காலால் தாண்டியவர்களும், குமரிக்கண்டம் என்னும் பெருந்தேசத்தின் வரைபடத்தைத் தமிழுலகுக்கு அருளியவர்களுமாகிய மேன்மை தங்கிய வரைபடச் சக்கரவர்த்திகளின் திருச்சமூகத்துக்கு, மேல்பழனிமலையில் மன்னவனூர் என்னும் சிற்றூரில் பூண்டும் காரட்டும் போட்டுப் பிழைக்கும் எளிய குடி ஒருவன் தெண்டனிட்டு எழுதிக்கொள்ளும் பாராட்டுமடல்.

எங்களுக்கு நிலம் என்பது கல் பொறுக்கி, சரிவை வெட்டி, படிப்படியாக வரப்புக் கட்டி உண்டாக்குவது. புலப்படத்தில் ஒரு கோடு ஒரு முழம் தள்ளி விழுந்துவிட்டால், பட்டாவும் சிட்டாவும் கையுமாகக் கொடைக்கானலுக்கு நடையாய் நடக்க வேண்டும். தாங்களோ சங்கிலி பிடிக்காமல், கல் நடாமல், பக்கத்து நிலத்துக்காரனின் கையொப்பம் வாங்காமல், ஒரே மாலைப்பொழுதில் ஒரு கண்டத்தையே உண்டாக்கினீர்கள். ஆறுகள் அவற்றுக்குரிய வளைவோடு ஓடின. மலைகள் சொன்ன இடத்தில் நின்றன. இந்த வல்லமையின் முன் பிரம்மதேவரே கைகட்டி நிற்க வேண்டும்; பாவம், அவர் மண்ணையும் நீரையும் வைத்துக்கொண்டு அல்லவா படைத்தார்!

தங்கள் பெருமைகளில் தலையாயது கருணை. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலார், லெமூர்கள் மடகாஸ்கரிலும் அவற்றின் உறவான தேவாங்குகள் இந்தியாவிலும் இருக்கக் கண்டு திகைத்து, நடுவில் ஒரு நிலம் கிடந்து மூழ்கியிருக்கலாம் என்று ஊகித்து அதற்கு லெமூரியா என்று பேரிட்டார். ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், நிலத்தட்டுகளே நகர்கின்றன, மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்து பிரிந்தவை என்று தெளிவானதும், மேலைநாட்டு அறிஞர்கள் அந்த ஊகத்தை இரக்கமின்றித் தெருவில் விட்டார்கள். பெற்றவர்களே கைவிட்ட அந்த அனாதைக் கண்டத்தைத் தாங்கள் மார்போடு அணைத்தீர்கள். சுவீகாரம் எடுத்து, தமிழ்ப்பேர் சூட்டி, இதுவே எங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளை என்று ஊருக்குப் பந்தி போட்டீர்கள். கர்ணனும் இவ்வளவு கொடுத்ததில்லை.

அந்தக் கண்டம் பிறக்கக் காரணமான தேவாங்கு எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, அய்யலூர்ப் பக்கத்துக் காட்டில் இன்றும் இரவில் கண்ணை உருட்டிக்கொண்டு திரிகிறது. 2022இல்தான் கடவூரில் அதற்கு 11,806 ஹெக்டேர் சரணாலயம் கிடைத்தது. தங்கள் வரைபடத்தில் அதற்கு ஒரு மரக்கிளையும் ஒதுக்கப்படவில்லை. சரிதான். பேரரசின் படத்தில் தேவாங்கு உட்கார்ந்தால் கம்பீரம் என்ன ஆவது?

கருணைக்கு அடுத்தது பணிவு. பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஸ்காட் எலியட் 1904இல் இரண்டு வரைபடங்களோடு லெமூரியாவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்கான சேதிகள் ஞானதிருஷ்டியில் வந்திறங்கின. அவர் கண்ட லெமூரியர் பன்னிரண்டு முதல் பதினைந்து அடி உயரம். தலைக்குப் பின்னால் ஒரு கண். பின்பக்கமாகவும் நடக்கத் தோதாகக் குதிகால் நீண்டிருக்கும். இந்த நிலத்தையே நம் முன்னோர் பூமி என்று ஏற்றுக்கொண்ட தாங்கள், இந்தப் பாட்டனாரின் உருவத்தை மட்டும் அடக்கத்தோடு மறைத்துவிட்டீர்கள். சபையில் பெருமை பேசக்கூடாது என்ற கூச்சம்போலும்.

அடியார்க்குநல்லார் பாவம், பழைய காலத்து ஆள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதும்போது, பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே எழுநூற்றுக் காவதம், அதில் ஏழ்தெங்க நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குறும்பனை நாடு முதலாக நாற்பத்தொன்பது நாடுகள் என எழுதிவிட்டு, ஒரு கோடுகூடக் கிழிக்காமல் போய்ச் சேர்ந்தார். கடல் கொண்ட கரை ஒன்றின் நினைவு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்ததை எழுதி வைத்தால் போதும் என்று நினைத்த சோம்பேறித்தனம் அது. எல்லைக்கோடு, தலைநகரம், மலைத்தொடர், வண்ணம் என்று எல்லாவற்றையும் தாங்கள் அல்லவா நிறைவு செய்தீர்கள்!

காவதம் என்னும் காதம் ஒன்றுக்குப் பத்து மைல் என்ற அகராதிக் கணக்கை ஏற்றால், எழுநூறு காதம் ஏழாயிரம் மைல். கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே ஏழாயிரம் மைல் நடப்பவன் அண்டார்க்டிகாவில் ஏறி, தென்துருவத்தை மிதித்து, அப்பாலும் இருநூறு மைல் போய் நிற்பான். அங்கேதான் பஃறுளி ஓட வேண்டும். தாங்கள் பெருந்தன்மையோடு இந்த நீளத்தை அமுக்கிச் சுருட்டி, ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே அடக்கிக் காட்டினீர்கள். அளவுகோல் போடும் அற்ப வழக்கத்தையும் நான் கண்ட படங்களில் கைவிட்டிருந்தீர்கள். அளவுகோல் சிறியோர்க்கு, தங்களுக்கு எதற்கு?

தெங்க நாடுகளை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. எங்கள் ஊரில் தை பிறப்பதற்குள் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துவிடும். ஆட்டுப்பண்ணைச் செம்மறிகளே குளிரில் ஒடுங்கி நிற்கும். தென்னங்கன்றை நட்டால் நட்டவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். தங்கள் கண்டத்தின் தென்கோடியிலோ தென்னையும் பனையும் குலைகுலையாகக் காய்த்தன. தோட்டக்கலைத் துறை அந்த விதையைத் தேடாமல் இருப்பது நாட்டுக்கு நட்டம்.

கடலின் ஆழத்தைத் தாங்கள் கையாண்ட நயத்தை எவ்வாறு புகழ்வேன்? பழனிமலையிலேயே உயர்ந்தது வந்தரவு, 2533 மீட்டர். அதைப் பெயர்த்தெடுத்து இந்தியப் பெருங்கடலின் நடுவே போட்டால் பெரும்பாலான இடங்களில் உச்சிக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கும் குறையாமல் தண்ணீர் நிற்கும். பனியூழியின் உச்சத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது என்கிறார்கள். அந்த அளவுக்குக் கரை விரிந்ததும் சுருங்கியதும் மெய். நூற்றிருபது மீட்டரில் ஒரு கடற்கரைப் பட்டினம் மூழ்கும், பல ஊர்களும் மூழ்கும். தங்களைப் போன்ற பெருமக்களுக்கு ஊரைக் கொடுத்துப் பார்த்தால் அது அவமரியாதை. 1960களில் கப்பல்கள் கடலடியை எல்லாம் ஒலியலையால் அளந்து படம் போட்டன. அதில் எரிமலைப் பாறையும் நடுக்கடல் முகடுகளுமே தெரிந்தன, தங்கள் தலைநகரான தென்மதுரை தெரியவில்லை. கப்பல்காரர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற ஒரே காரணத்தால் தாங்கள் அவர்களை மன்னித்தீர்கள்.

அரசாங்கமும் நன்றி மறக்கவில்லை. 1981இல் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது அரசுப் பணத்தில் எடுத்த குமரிக்கண்ட ஆவணப்படம் காட்டப்பட்டது. மூழ்கிய தேசத்துக்குத் திரைப்படம். மூழ்காத கிராமத்துக்கு மினி பஸ் எப்போது என்று எங்கள் ஊரில் யாரோ கேட்டதாகச் சொல்வார்கள். முறையற்ற கேள்வி.

தங்கள் மரபில் வந்த இளவல்களையும் வாழ்த்தாமல் இருக்க முடியாது. 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கப்பல் விட்டுக் கடாரத்தை அடித்துத் திரும்பினான். அந்த இளவல்கள் வங்காள விரிகுடா முழுவதுக்கும், சில நேரம் சீனத்தின் வாசல் வரைக்கும், தஞ்சாவூருக்குப் பூசிய அதே சிவப்பைப் பூசிக் கைபேசிக்குக் கைபேசி அனுப்புகிறார்கள். அடித்துவிட்டுத் திரும்பியதற்கும் ஆண்டதற்கும் வேறுபாடு பார்ப்பது கல்வெட்டு படிப்பவர்களின் நோய். மன்னன் எட்டிப் பார்த்த இடத்துக்கெல்லாம் பட்டா வழங்கும் இந்த வள்ளன்மையில் பாதி எங்கள் வருவாய்த் துறைக்கு இருந்தால் நாங்கள் ஏன் அழப்போகிறோம்?

இனி, தங்கள் பகைவர்கள். இவர்கள் அற்பங்களைத் தோண்டுபவர்கள். பழனிக்கு அருகே பொருந்தலில், பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் ஒரு குழு பெருங்கற்கால மோகம் கொண்டு ஈமக்குழியைக் கிளறி, நான்கு கால் சாடி ஒன்றில் இரண்டு கிலோ நெல்லைக் கண்டெடுத்தது. அதைக் கடல் கடந்து அனுப்பிக் காலம் பார்த்ததில் கி.மு. 490 என்று விடை வந்தது. அதே அகழாய்வில் தமிழ் எழுத்துப் பொறித்த கலத்தாங்கியும் கிடைத்தது. எவ்வளவு கஞ்சத்தனம் பாருங்கள். மண்ணில் மண்டியிட்டு, தூரிகையால் தூசி தட்டி, இறுதியில் தமிழனுக்கு வெறும் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு! தாங்கள் தூரிகையை ஒரு முறை ஆட்டினால் ஐம்பதாயிரம் ஆண்டு உதிரும்.

எங்கள் மலையிலும் தாண்டிக்குடிப் பக்கம் கற்திட்டைகள் கிடக்கின்றன. ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு யேசு சபைப் பாதிரிமார்கள் வேலை மெனக்கெட்டு அவற்றை அளந்து வரைய, 1928இல் தொல்லியல் துறை அதை நூலாக வெளியிட்டது. அந்த வரைபடங்களில் நிற்கும் கல் தரையிலும் நிற்கும் என்பது அவற்றின் பெருங்குறை. தொட்டுப் பார்க்கலாம், பொய் என்று நிரூபிக்கலாம், காப்பித் தோட்டத்துக்காகப் பெயர்த்தும் போடலாம். தங்கள் கண்டத்தை எவனாலும் பெயர்க்க முடியாது. ஆகவே கற்திட்டைகளைப் பார்க்க எழுந்தருளித் தங்கள் திருப்பாதங்களை நோகச் செய்ய வேண்டாம்.

நிறைவாக ஒரு விண்ணப்பம். கரைகள் தங்கள் விரல்நுனியில் இருப்பதால், அடுத்த பதிப்பில் கடலை மன்னவனூர் வரை சற்றே ஏற்றி, ஏரிக்கு எதிரே ஒரு துறைமுகம் வரைந்தருள வேண்டும். பூண்டு மூட்டையோடு வளைவு வளைவாக இறங்கி வடுகபட்டிச் சந்தைக்குப் போவதில் லாரி வாடகை கட்டுப்படியாகவில்லை. கப்பல் என்றால் கொஞ்சம் மலிவாக முடியும் என்கிறார்கள்.