கட்டிலடி அகழாய்வு: ‘இருக்கட்டும்’ என்னும் சொல்லை முன்வைத்து

வீட்டைப் புரட்டிப்போட்டுச் சுத்தம் செய்ய வசந்தகாலமே ஏற்றது என்பது குளிர்நாட்டார் துணிபு. அவர்களுக்கு அதற்கு நியாயம் இருந்தது. பனிக்காலம் முழுக்கச் சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நிலக்கரியும் விளக்கும் எரித்தவர்கள். வெயில் வந்து சன்னலைத் திறந்த பிறகுதான் சுவரின் நிறமே கண்ணுக்குத் தெரியும். ஈரானில் மார்ச் 20 வாக்கில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முன் நடக்கும் இந்த வேலைக்கு ‘கானே தெகானி’ என்று பெயர். வீட்டை உலுக்குதல் என்று பொருள். யூதர்கள் பாஸ்கா பண்டிகைக்கு முன், புளித்த மாவுப் பண்டத்தின் துணுக்குகூட மிஞ்சாதபடி மூலைமுடுக்கெல்லாம் தேடுவார்கள்.

நமக்கு இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அந்த மாதங்களில் மதுரையில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுமந்து மொட்டைமாடி ஏறுகிறவர், மெத்தைக்கு முன்பே காய்ந்துவிடுவார். இதை உத்தேசித்தே முன்னோர் மார்கழிக் கடைசி நாளான போகிக்கு, அதாவது முன்பனிப் பருவத்துக்கு, இவ்வேலையை ஒதுக்கினர் என்பது என் கருதுகோள். முன்னோர் ஒன்றும் உத்தேசிக்கவில்லை, பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்பது என் மனைவியின் கருதுகோள். இரண்டையும் பதிவு செய்கிறேன்.

முன்னோடி நூல்கள் என்று பார்த்தால் நன்னூலைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். பழையது போவதும் புதியது வருவதும் குற்றமில்லை என்ற அந்த நூற்பாவைப் போகிதோறும் யாராவது ஒருவர் எடுத்து விடுவார். பவணந்தி முனிவர் அதைச் சொற்களுக்காகச் சொன்னார். கைப்பிடி உடைந்த மிக்ஸி ஜாரைப் பற்றி அவர் கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை. ஆகவே இத்துறையில் இதுவே முதல் ஆய்வு என்று கொள்வதில் தடையில்லை.

ஆய்வின் எல்லை: எங்கள் வீட்டுப் படுக்கையறையில், அப்பாவின் கல்யாணத்துக்கு வந்த தேக்குக் கட்டிலின் அடிப்பகுதி. தகவலாளிகள் இருவர். ஒருவர் மனைவி. மற்றவர் அம்மா, வயது 78. வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து களப்பணியை மேற்பார்வையிட்டவர்.

எங்கள் வீட்டிலிருந்து சுமார் பன்னிரண்டு கிலோமீட்டரில் கீழடி இருக்கிறது. அங்கே 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று கணித்திருக்கிறார்கள். கட்டிலடியின் உயரம் 35 செ.மீ. மட்டுமே, அதில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு செ.மீ.க்கு எத்தனை பொருள் என்று கணக்குப் போட்டால் கீழடி எங்களிடம் தோற்றுவிடும்.

அகழாய்வுக்கு முன்பே முறையியல் சண்டை ஒன்று எழுந்தது. நான் கட்டிலடியில் தொடங்கலாம் என்றேன்.

“என்னங்க, முதல்ல ஃபேன். தரையைத் துடைச்சிட்டு அப்புறம் ஃபேனைத் தொடுற ஆளை நான் பாத்திருக்கேன். எங்கப்பாதான்.”

மாமனார் வழிப் பள்ளியைச் சேர்ந்தவன் என்று பெயரெடுக்க விருப்பமில்லாததால் ஸ்டூலில் ஏறினேன். நாள் முழுக்கச் சுற்றுகிற ரெக்கையில் தூசி எப்படி உட்காருகிறது என்பது நியாயமான கேள்வி. ரெக்கையின் பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு ஏறக்குறைய ரெக்கையோடு சேர்ந்தே நகர்கிறது. அதற்குள் புகுந்த நுண்தூசியை எந்தக் காற்றும் தொடுவதில்லை. காற்றைக் கிழித்துப் போகிற முன்விளிம்பில்தான் அதிகம் படியும். எங்கள் ரெக்கையில் அது கம்பளித் துணி மாதிரி படிந்திருந்தது. பழைய தலையணை உறையை ரெக்கைக்கு மாட்டி, இறுக்கிப் பிடித்து இழுத்தால் தூசி உறைக்குள் விழும் என்பது செவிவழி மரபு. விழுந்தது. பாதி உறைக்குள், மீதி என் தலையில்.

மெத்தையைப் பற்றி ஒரு சொல். அதில் தூசுப்பூச்சி என்ற எட்டுக்கால் உயிர் வசிக்கிறது. அரை மில்லிமீட்டர்கூட இராது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். காலையில் எழுந்ததும் வருகிற தும்மலுக்குப் பெரும்பாலும் அதன் எச்சமே காரணம். போர்வையை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சி செத்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து இந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைத்திருந்தேன். மெத்தையை மாடியில் போட்டு, பிரம்பால் அடித்து, திருப்பிப் போட்டு, மறுபடி அடித்தேன். அதில் ஆய்வு நோக்கத்தைவிட வேறு ஏதோ கூடுதலாக இருந்தது.

இனி அகழாய்வு. கண்ணாடியைக் கழற்றிக் கட்டில்கால் ஓரமாக வைத்துவிட்டு, கையில் ஈர்க்குமாறோடு குப்புறப் படுத்து உள்ளே நுழைந்தேன்.

மேலடுக்கில் நீலநிற முகக்கவசம் ஒன்று. காலம் 2020, ஐயத்துக்கு இடமில்லை. அதற்குப் பின்னால், மிக்ஸியின் அட்டைப்பெட்டி. உள்ளே மிக்ஸி இல்லை, தெர்மாகோலும் உத்தரவாத அட்டையும் பத்திரமாக இருந்தன. மிக்ஸி செத்து ஆறு வருஷம். அடுத்த அடுக்கில் அம்மாவின் சுருக்குப்பை. அதற்குள் எட்டாக மடித்த பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று. ஆக, இந்த அடுக்கு 8.11.2016 இரவுக்கு முந்தியது. (செல்லாத தாளைச் சாதாரண ஆள் பத்து வரை வைத்திருக்கலாம், ஆராய்ச்சிக்கென்றால் இருபத்தைந்து வரை வைத்திருக்கலாம் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இது ஆராய்ச்சி.) சுவரை ஒட்டிய கடைசி அடுக்கில் 25 காசு நாணயம், 2011 ஜூனோடு புழக்கத்திலிருந்து போனது. அதோடு மூடியில்லாத எவர்சில்வர் தூக்கு, தூக்கில்லாத மூடி இரண்டு (அந்தத் தூக்குக்குப் பொருந்தாதவை), ஓரம் பிரிந்த கோரைப்பாய், நான் 2015-இல் மாற்றிய பழைய மூக்குக்கண்ணாடி. அதன் ஒரு பக்கம் நூல் சுற்றியிருந்தது. மொத்தம் 61 உருப்படிகள்.

இங்கேதான் ஆய்வின் மையச்சொல் வருகிறது. ஒவ்வொன்றாக வெளியே தள்ள, அம்மா ஒவ்வொன்றையும் பார்த்தார்.

“இந்தத் தூக்கைப் போட்டுரலாமாம்மா?”

“இருக்கட்டும்ப்பா.”

“மூடி இல்லையேம்மா.”

“இருந்துட்டுப் போகட்டும். அது என்ன உன்கிட்ட சோறா கேக்குது?”

‘இருக்கட்டும்’ என்பது இன்றைய தமிழில் வியங்கோளின் வேலையைச் செய்யும் வடிவம். வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று வியங்கோளுக்கு நான்கு பொருள் சொல்வார்கள். தூக்குக்கு அது வாழ்த்து. எனக்கு வைதல். மருமகளுக்கு விதி. நாளைக்குத் தேவைப்பட்டால் கிடைக்க வேண்டுமே என்று அம்மா தமக்குள் செய்துகொள்ளும் வேண்டுதலும் அதுதான். ஒரே சொல் ஒரே நேரத்தில் நான்கு பொருளிலும் வருவதற்கு இலக்கண உரைகளில் எடுத்துக்காட்டு பார்த்ததில்லை, கட்டிலடியில் பார்த்தேன். எழுவாய் பொருளாக இருப்பதும் கவனிக்கத்தக்கது. ‘நான் வைத்துக்கொள்கிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. இருப்பது அதன் விருப்பம், நாம் யார் தடுக்க?

மனைவி இந்தச் சொல்லுக்கு எதிரி என்று முதலில் குறித்துவைத்திருந்தேன். மிக்ஸி பெட்டியைக் கையில் எடுத்ததும் அந்தக் குறிப்பை அடிக்க வேண்டியதாயிற்று. “வீடு மாறினா பாத்திரம் வைக்க நல்ல பெட்டிங்க அது.” வீடு மாறும் யோசனை எங்களுக்கு இல்லை. இது சொந்த வீடு.

61-இல் அறையைவிட்டு உண்மையாகவே வெளியேறியது கோரைப்பாய் மட்டும். டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்க வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷந்தோறும் சொல்வதால், போகிக் காலையில் எரிக்கத் தகுதியுள்ளதாக அது ஒன்றுதான் தேறியது. அதிலும் நல்ல பக்கமாக இரண்டு முழம் கிழித்து, வடகம் காயவைக்க ஆகும் என்று அம்மா எடுத்துக்கொண்டார். ஆக, வெளியேறியது முக்கால் பாய். சொல்லிக்கொள்ளாமல் போன இன்னொன்றும் உண்டு. போன போகிக்குப் பட்டுப்புடவைப் பெட்டியில் நான் போட்ட நாலு பாச்சை உருண்டைகளைக் காணோம். நாப்தலீன் உருகாமலே ஆவியாகிவிடும் பொருள். இருக்கட்டும் என்று யாரும் சொல்வதற்குள் போய்விடுகிற வழி அதற்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

என் பழைய கண்ணாடியை நான் குப்பைக்கூடையில் போட்டேன். அம்மா எழுந்து வந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, “இருக்கட்டும்ப்பா” என்று அலமாரியில் வைத்தார். பவர் மாறிப்போச்சும்மா, சும்மா குப்பை சேர்க்காதே என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

மாலைக்குள் எல்லாவற்றையும் துடைத்து, ஃபினாயில் போட்டு மொழுகிய தரை காய்ந்தபின், அடுக்கு குலையாமல் பொருள்களைக் கட்டிலடியில் திரும்பத் தள்ளினோம். மெத்தை வந்தது, விரிப்பு வந்தது. அறை புதிதாக இருந்தது. மணி ஏழுக்கு, குறிப்புகளை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் கட்டில்கால் ஓரமாக வைத்த கண்ணாடி ஞாபகம் வந்தது. அங்கே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தோம். முன்வரிசையில் மிக்ஸி பெட்டி அசையாமல் நின்றது.

“எல்லாத்தையும் இன்னொரு தடவை வெளிய எடுக்கணுமாங்க?” என்றாள் மனைவி, கையில் துடைப்பத்தோடு.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இக்கட்டுரையை நூல் சுற்றிய கண்ணாடியோடு எழுதுகிறேன். எழுத்து கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிகிறது.