காஞ்சன்பாக் வட்டாரத்தில் குறி தப்புதலும் கட்டை பிளவாமையும்: ஓர் ஆய்வு

நாட்டுப்புறப் பொழுதுபோக்குகளில் துப்பாக்கியால் குறி அடிப்பதும் கோடாலியால் விறகு பிளப்பதும் மூத்தவை. இரண்டுக்கும் திறந்தவெளி வேண்டும், தோளில் வலு வேண்டும், சுற்றி நின்று யோசனை சொல்ல நாலு பேர் வேண்டும். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் நடந்ததாக வரலாறு இல்லை. ஆனாலும் இத்துறையில் முறையான ஆய்வு தமிழில் வரவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை தீர்க்கும், அல்லது கூட்டும்.

ஆய்வுக் களமாக ஐதராபாத்தின் காஞ்சன்பாக்கைத் தேர்ந்தது ஏன் என்று கேட்கலாம். அங்கே காடு கிடையாது, முயல் கிடையாது. ஆனால் குறி அடிப்பதற்கென்று அரசாங்கமே சம்பளம் கொடுக்கும் ஊர் அது. ஏவுகணை வடிவமைக்கும் டி.ஆர்.டி.எல். ஆய்வகம் அங்கே இருக்கிறது. 1982இல் அதற்குத் தலைமை ஏற்று வந்தவர் ராமேசுவரத்து அப்துல் கலாம். ஏவுகணை உற்பத்தி செய்யும் பாரத் டைனமிக்ஸும், டைட்டானியமும் தனிவகை உருக்கும் வார்க்கும் மிதானியும் அக்கம்பக்கம். இன்னொரு பக்கம் டி.எம்.ஆர்.எல். என்னும் உலோக ஆய்வகம். டாங்கிகளுக்கான கவசத்தை உருவாக்கி, ஊர்ப்பெயரையே வைத்து ‘காஞ்சன்’ என்று அழைத்தவர்கள் இவர்கள். ஆக, நாலு கிலோமீட்டர் பறந்து போய் டாங்கியைப் பிளக்கும் ‘நாக்’ ஒரு ஆய்வகத்தில். எது வந்து மோதினாலும் பிளவாமல் இருக்கும் வித்தை இன்னொரு ஆய்வகத்தில். சுடுபவனின் கட்சியும் கட்டையின் கட்சியும் ஒரே பேட்டையில் குடியிருக்கும்போது ஆய்வாளன் வேறெங்கே போவான்?

முதலில் குறி. நம்மவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொடுவது பலூன் கடையில்தான். மெரினா மணலில் தொடங்கி, ஜனவரி முதல் தேதி நாம்பள்ளியில் திறக்கும் ‘நுமாயிஷ்’ பொருட்காட்சிவரை இந்த ஆசை எல்லாரையும் பிடித்து ஆட்டுகிறது. பலகையில் வரிசையாகப் பலூன்; கையில் தேய்ந்துபோன ஏர் கன்; தூரம் நாலு மீட்டர் இருந்தால் அதிகம். சுடுகிறவர் பொறியியல் பட்டதாரி என்றால் புவியீர்ப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முழங்கை அளவுக்கு மேலே குறிவைப்பார். கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். போட்டித் துப்பாக்கியின் ரவை நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகும். நாலு மீட்டரைக் கடப்பதற்குள் அது கீழே இறங்குவது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. கடைத் துப்பாக்கி கிழடு, பாதி வேகம்தான் என்று வைத்தாலும் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். பலூனோ உள்ளங்கையை விடப் பெரியது. நியூட்டன் இந்த வழக்கிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.

உண்மையான குற்றவாளிகள் வளைந்த முன்குறி, தளர்ந்த ஸ்பிரிங், குழலுக்குள் லொடலொடக்கும் ரவை. நாலைந்து முறை சுட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் குறிவைத்தால் எந்தக் கோணல் துப்பாக்கியும் வழிக்கு வரும். இதைச் செய்பவர் யார்? கடைக்காரரின் பத்து வயது மகன். அவனுக்குப் பௌதிகம் தெரியாது. அந்தத் துப்பாக்கியைத் தெரியும்.

ஒழுங்கான உலகத்தில் நிலைமை வேறு. பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி தரும் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். அதை நின்றபடியே சுட வேண்டும். சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே பிரிவில் வெண்கலம் வாங்கினார். இரண்டு ஊரும் அவரைத் தம் பிள்ளை என்கின்றன. பலூன் கடையில் தோற்றவர்களை எந்த ஊரும் கோருவதில்லை.

இவ்வாய்வின் மையக் கருத்து இங்கேதான் வருகிறது. நம்மவர்களின் அசல் திறமை சுடுவதில் இல்லை, தப்பியபின் விளக்குவதில் இருக்கிறது. குண்டு பலகையில் பட்ட மறுகணமே ஒரு விசாரணைக் கமிட்டி தானாகக் கூடிவிடும். காற்று அடித்தது, பின்னாலிருந்து மச்சான் சிரித்தான், பலூன் அசைந்தது, கண்ணாடியின் பவர் மாறிவிட்டது. கமிட்டி ஒருபோதும் சுட்டவரை விசாரித்ததில்லை. காஞ்சன்பாக்கில் வழக்கம் வேறு. 1989இல் அக்னி ஏவுகணை ஏப்ரல் 20ஆம் தேதி கிளம்பவில்லை, மே முதல் தேதியும் கிளம்பவில்லை. பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. காஞ்சன்பாக்காரர்கள் எந்த உறுப்பு காலை வாரியது என்று தேடிச் சரிசெய்து, மே 22 அன்று சாந்திப்பூரிலிருந்து ஏவிவிட்டார்கள். அந்த விசாரணையில் மச்சானின் பெயர் எங்கும் இல்லை.

இனி விறகு. சட்டம் இங்கே விசித்திரமாக நடந்துகொள்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டும். போட்டித் துப்பாக்கியின் ரவைக்கு இருப்பதோ ஏழெட்டு ஜூல். இரண்டு கிலோ கோடாலி நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் இறங்கினால் 100 ஜூல். அதைத் தலைக்குமேல் ஓங்கிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டிய மனிதரிடம் எந்த அதிகாரியும் உரிமம் கேட்டதில்லை. கேட்கப் பக்கத்தில் போயிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

இவ்வளவு ஆற்றல் இருந்தும் கட்டை ஏன் பிளப்பதில்லை? புதிதாக இறங்குபவர் கூர்மையை நம்புகிறார். பிளப்பதற்குக் கூர்மை அவ்வளவு முக்கியமில்லை. நாரின் போக்கில் நுழைந்து இருபுறமும் தள்ளும் ஆப்பு வடிவம்தான் வேலை செய்கிறது. கணு உள்ள இடத்தில் நார் சுழித்துக்கொள்ளும். அங்கே போட்டால் கோடாலி சிக்கும். பிறகு கட்டையோடு சேர்த்துத் தூக்கி அடிக்க வேண்டியதுதான். சவுக்கு நேர்நார்க்காரன், சொன்னால் கேட்பான். புளி அப்படியில்லை. நார் பின்னிக்கிடக்கும். கறிக்கடைகளில் வெட்டுவதற்குப் புளியங்கட்டையைப் போடுவது அது பிளக்காது என்பதற்காகத்தான். உருக்குத் தகடுகளுக்கு நடுவே செராமிக்கை வைத்து டி.எம்.ஆர்.எல். செய்ததைக் கறிக்கடை பாய் மர அளவில் வெகுகாலமாகச் செய்துவருகிறார்.

பக்கத்தில் நின்று பார்ப்பவர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாதி பிளந்த கட்டையில் செருகிய ஆப்பைப் பிடுங்கிய குரங்கைப் பஞ்சதந்திரத்தில் படித்திருப்பீர்கள். வேடிக்கை பார்க்கும் துறையின் முதல் களப்பலி அதுவே.

விறகு வெட்டுவது யாருக்குப் பொழுதுபோக்கு என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இங்கிலாந்துப் பிரதமர் கிளாட்ஸ்டன் ஓய்வுக்கு மரம் வெட்டினார். பட்டம் இழந்த ஜெர்மானியக் கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம் நெதர்லாந்தின் டோர்ன் மாளிகையில் மரமாக வெட்டித் தள்ளினார். அமெரிக்க அதிபர் ரீகனும் கலிஃபோர்னியப் பண்ணையில் இதே வேலைதான் செய்தார். மூவரின் சமையலறைக்கும் வேறு யாரோ பொறுப்பு. மறுபக்கம், ரம்ஜான் மாதத்தில் ஐதராபாத் முழுக்க ஹலீம் வேகும் செங்கல் அடுப்புகளைப் பாருங்கள். மணிக்கணக்கில் விறகு எரிய வேண்டும். 2010இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்துக்கு விறகு பிளந்து போடுபவரிடம் போய் “நல்ல உடற்பயிற்சி அண்ணா” என்று சொல்லிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆகவே வரையறை இது: வீட்டில் கேஸ் சிலிண்டர் இருப்பவருக்கு மட்டுமே விறகு வெட்டுவது பொழுதுபோக்கு.

வரும் போகி விடியலில் தெருமுனையில் நெருப்பு மூட்டவோ, மறுநாள் வாசலில் பொங்கப்பானை ஏற்றவோ கோடாலி தூக்க நினைக்கும் குடியிருப்புவாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். சவுக்கு வாங்குங்கள், புளி வேண்டாம். யோசனை சொல்பவர்களைப் பத்தடி தள்ளி நிறுத்துங்கள். எதற்கும் சிலிண்டரை முந்தின நாளே புக் செய்துவிடுங்கள்.