மாப்பிள்ளைகிட்ட ஊரைப் பத்தி விசாரி

ஏங்கண்ணு, ஆபீசுல ஒருத்தன்கூட யோக்கியமில்லைன்னு சொன்னயே, அந்த முடிவுல இருந்து துளிகூட எறங்கிப்போடாதே. மேனேசரு ஓரவஞ்சனை புடிச்சவரு, பக்கத்து சீட்டுக்காரன் கோள்மூட்டி, புதுசா வந்த புள்ளை தளுக்குக்காரி, டீ கொண்டார பையன்கூட உன்ற டம்ளர்லதான் ரெண்டு மொடக்கு கொறைச்சு ஊத்தறான். எல்லாம் சரியாத்தான் இருக்கும். வேலைக்குச் சேந்த சூட்டோட இத்தனை பேரு குணத்தையும் ஒரே மூச்சுல கண்டுபுடிச்ச ஆளு நம்ம வகையறாவுல நீ ஒருத்தன்தான். நானெல்லாம் உன்ற அம்மாயி எந்த நேரத்துல எதுக்குக் கோவிப்பான்னே இன்னும் கண்டுபுடிச்ச பாடில்லை.

சந்தேகப்பட்டுப் பொழைக்கறதுல ஒரு சௌகரியம் இருக்குது பாத்துக்கோ. நல்லவன்னு நெனைச்சவன் திடீர்னு ஒரு நாளைக்குக் கவுத்துப்போடுவான். கெட்டவன்னு நெனைச்சவன் அந்த மாதிரி ஏமாத்தவே மாட்டான். நெனைச்சபடியே நடந்துக்குவான். அவன் ஏன் அத்தனை ஒழுங்கா நீ நெனைச்சபடியே நடந்துக்கறான்னு மட்டும் யோசிக்காதே. யோசிச்சா நிம்மதி போயிரும்.

நான் மாட்டுத்தரகு பாத்தவன். சித்திரையில கண்ணபுரம் மாரியாத்தா கோயில் நோம்பியோட கூடற தாவணியில காங்கேயங் காளை எத்தனையோ கைமாத்தி உட்டிருக்கறேன். அங்க வெலையை வாயில சொல்றதில்லை. துண்டுக்கடியில கையை உட்டு வெரலைப் புடிச்சு அமுக்கறதுதான் பேச்சு. மாட்டைப் பாக்கறது சுளுவு. வாயைப் பொளந்தா வயசு தெரியும். பால்பல்லா, ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேந்துருச்சா, எல்லாத்தையும் பல்லே சொல்லிரும். மாடு வாங்க வர்ற ஆளோட வாயை நாம பொளக்க வேண்டியதில்லை. அவனே பொளப்பான்.

ஒருத்தரு வருவாரு. "தரகன்னாலே திருட்டுப்பய"ன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டேதான் தாவணிக்குள்ள கால் வெப்பாரு. அவரு தலையைக் கண்டதும் நாங்க என்ன பண்ணுவோம்? முடியற வெலைக்கு மேல பாதியை ஏத்தி வெச்சுத்தான் வெரலைப் புடிப்போம். எப்படியும் அடிமாட்டு வெலைக்குத்தான் கேப்பாரு, அங்கிருந்து எறங்கி வர எடம் வேணுமில்ல? பொழுது சாயற வரைக்கும் மல்லுக்கட்டி, மத்தவங்க குடுத்ததை உட எச்சாக் குடுத்து ஓட்டிக்கிட்டுப் போவாரு. போகையில, "பாத்தயா, அத்தனையும் திருட்டுப்பசங்க"ம்பாரு. அதுல என்ன தப்பு? அவருகிட்ட நாங்க திருடனுங்கதான்.

இன்னொருத்தரு வருவாரு. "நீயே பாத்துச் சொல்லு"ன்னு துண்டுக்குள்ள கையைக் குடுத்துருவாரு. அவரை ஏமாத்த மாட்டீங்களான்னு கேப்பே. ஏமாத்தறவன் ஏமாத்துவான், இதுல என்ன ஒளிவு மறைவு. ஆனா எல்லாத் தரகனும் ஏமாத்தறதில்லை, ஏமாத்தறவனும் எல்லா நாளும் ஏமாத்தறதில்லை. ரெண்டு தடவை அடிபட்டு, நாலு தடவை நல்ல மாட்டோட போனதுல, எந்தத் தரகன் எப்பேர்ப்பட்டவன்னு அவருக்கு அத்துப்படி. ஊர்ல என்னமோ முதல்ல வந்தவரைத்தான் வெவரமான ஆளும்பாங்க. காலமெல்லாம் சந்தைக்கு வந்தும் அவரு பாத்தது ஒரே வகைத் தரகனைத்தான்.

நான் சொன்னா நீ நம்பமாட்டே, வேட்டி கட்டினவன் பேச்சு. உன்ற தங்கச்சி கோயமுத்தூர்ல மனோதத்துவம் படிக்கறாளே, அவ பொஸ்தகத்தை வெச்சுப் படிச்சுக் காட்டினா. 1970ல அமெரிக்காவுல கெல்லி, ஸ்டாஹெல்ஸ்கின்னு ரெண்டு பேரு இதையே ஆட்டமா வெச்சுப் பாத்திருக்கறாங்க. ஆட்டத்துல ரெண்டு பேரு. ரெண்டு பேரும் ஒத்துப்போனா ரெண்டு பேருக்கும் சுமாரா லாபம். ஒருத்தன் ஒத்துப்போயி இன்னொருத்தன் காலை வாரினா வாரினவனுக்குக் கொள்ளை லாபம். ரெண்டு பேருமே வாரினா ரெண்டு பேருக்கும் நட்டம். எதிராளி எப்படிப்பட்டவனா இருப்பான்னு கேட்டா, ஒத்துப்போற குணத்தவன், "அப்படியும் இருப்பான், இப்படியும் இருப்பான்"னானாம். முட்டற குணத்தவன், "எல்லாரும் என்னாட்டத்தான்"னுட்டான். முட்டறவனோட சோடி சேந்த சாதுவான ஆளும் கொஞ்ச நேரம் பாத்துட்டு அவனாட்டவே முட்ட ஆரம்பிச்சுட்டான். ஒடனே இவன், "நான் அப்பவே சொல்லல?" சாதுவை முட்ட வெச்சதே தாந்தான்கறது கடைசி வரைக்கும் அவன் மண்டைக்கு எட்டலை.

துரியோதனனை நல்லவனைத் தேடச் சொல்லியும், தருமனைக் கெட்டவனைத் தேடச் சொல்லியும் அனுப்புன கதை உனக்குத் தெரியும். ரெண்டு பேரும் வெறுங்கையோட வந்தாங்க, மனசு எப்படியோ பார்வை அப்படின்னு சொல்லி வாத்தியாரு முடிச்சிருவாரு. எனக்கு அதுல ஒரு சந்தேகம். கதாயுதத்தைத் தோள்ல வெச்சுக்கிட்டு, "இங்க எவன்டா நல்லவன்?"னு துரியோதனன் கேட்டா எந்த ஊர்ல எவன் கையைத் தூக்குவான்? பொம்பளைங்க கதவைச் சாத்தியிருப்பாங்க, கடைக்காரன் கல்லாப்பொட்டியை ஒளிச்சிருப்பான், நாய்கூட உறுமியிருக்கும். அந்தாளு கண்ணு கெட்டெல்லாம் போகலை. அவரு போன எடத்துல நெசமாவே நல்லவன் ஒருத்தனும் இல்லை. தருமன் போனப்ப அதே கடைக்காரன் மோர் குடுத்து உக்காரச் சொல்லியிருப்பான்.

அந்த டீக்காரப் பையன் பேரு என்னன்னு ஒருக்காவாச்சும் கேட்டிருக்கறயா? கேக்காதே. கேட்டா நெரப்பி ஊத்திப்போடுவான், உன்ற கண்டுபுடிப்பு நாசமாப் போயிரும்.

இன்னொண்ணும் படிச்சா உன்ற தங்கச்சி. 1977ல லீ ராஸ்னு ஒரு ஆராய்ச்சிக்காரரும் அவரு கூட்டாளிகளும் எழுதினது. ஸ்டான்ஃபோர்டு காலேசுல படிக்கற பசங்களைக் கூப்பிட்டு, "ஜோ கடையில சாப்பிடுங்க"ன்னு எழுதின அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அரை மணி நேரம் சுத்தறயான்னு கேட்டாங்களாம். சரின்னவன், "பாதிக்கு மேல சரின்னுதான் சொல்லுவாங்க"ன்னான். மாட்டேன்னவன், "எவன் மாட்டுவான் இதை?"ன்னான். எலெக்சன் முடிஞ்சதும் நம்மூர் டீக்கடையில ரெண்டு கட்சிக்காரனும் சொல்றானே, "நான் விசாரிச்ச வரைக்கும் அத்தனை பேரும் நம்ம சின்னத்துலதான் குத்தியிருக்கறான்"னு, அதேதான்.

இந்த சூட்சுமம் தெரியாமத்தான் சனங்க மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்க ஊருக்குள்ள போறாங்க. பால் சொசைட்டியில கேட்டா ஆகாதவன் குடிகாரன்பான், ஆனவன் தங்கம்பான். பத்து எடத்துல கேட்டா அந்தப் பத்துப் பேரோட குணம் தெரியும், மாப்பிள்ளை குணம் தெரியாது. நான் ஊருக்குள்ளயே போறதில்லை. நேரா மாப்பிள்ளைகிட்டப் போயி, "ஏனுங் மாப்ள, ஊரெல்லாம் எப்படி, அக்கம்பக்கம் எப்படி?"ன்னு கேட்டுப்போட்டுப் பொட்டாட்ட உக்காந்துக்குவேன்.

டஸ்டின் வுட்டுன்னு ஒரு ஆராய்ச்சிக்காரரும் அவரு கூட ரெண்டு பேரும் 2010ல இதைக் கணக்குப் போட்டே காட்டிட்டாங்களாம், அதையும் உன்ற தங்கச்சிதான் படிச்சா. தெரிஞ்சவங்களோட குணத்துக்கு மார்க்குப் போடுன்னு சொன்னா, மத்தவங்களை நல்லபடியாப் பாத்தவன், அவனைத் தெரிஞ்சவங்க கண்ணுக்கும் சந்தோசக்காரனா, நல்ல மனசுக்காரனாத் தெரிஞ்சிருக்கறான். எல்லாரையும் மட்டந்தட்டினவங்ககிட்டத் தற்பெருமை எச்சா இருந்திருக்குது. எனக்குத் தெரிஞ்சதை அவங்க கொஞ்சம் தாமதமாக் கண்டுபுடிச்சிருக்கறாங்க, பரவால்ல.

ஒரு ஊட்டுல வசதிக்குக் கொறைச்சலே இல்லை. பையன் காப்பித் தம்ளரைக் கீழ வெக்கறதுக்குள்ள பங்காளி அத்தனை பேரையும் நாறடிச்சுட்டான். நாளைக்கு நாமளும் அந்த வரிசையிலதான் நிக்கோணும்னு எந்திரிச்சு வந்துட்டேன். இன்னொரு ஊட்டுல ஓட்டு வீடு, கொஞ்சூண்டு காடு. அக்கம்பக்கம் எப்படின்னு கேட்டேன். "பக்கத்துத் தோட்டத்துக்காரரு வாய்க்கா வழக்குல எங்களைக் கோர்ட்டுக்கு இழுத்துருக்கறாருங்க. ஆனா மாடு கண்ணு போடறப்ப அவரைத்தான் கூப்புடுவோம், அவருக்குக் கைராசிங்க"ன்னான் பையன். அன்னிக்கே உப்புச்சக்கரைக்கு நாள் குறிச்சுட்டுத்தான் ஊட்டுக்கு வந்தேன். அந்தப் பையன்தான் உன்ற அப்பன்.

என்ன கண்ணு, மூஞ்சி ஒரு மாதிரி ஆகுது? நான் உன்னை ஒண்ணும் சொல்லலையே.

வர்ற வெள்ளிக்கெழமை பொண்ணுப் பாக்கப் போறோமில்ல, அந்தப் புள்ளையோட அப்புச்சி யாரு தெரியுமா? தாவணியில என்கூடத் துண்டு போட்டவரு. உன்ற சம்பளத்தைப் பத்தி அவரு கேக்கவே மாட்டாரு. பலகாரத் தட்டை உன் பக்கமா நவுத்தி வெச்சுட்டு, "தம்பி, ஆபீசுல கூட இருக்கறவங்கெல்லாம் எப்படீங்?"ன்னு மெதுவாக் கேப்பாரு. அப்ப ஒதவிக்கு என்ற மூஞ்சியைப் பாக்காதே. நான் அவரு பக்கத்துல உக்காந்து நீ என்ன சொல்றேன்னு கேட்டுக்கிட்டிருப்பேன்.