கொழிஞ்சாம்பாறைக்கு வந்த சைபீரியா

கேரளம் என்றாலே மழையும் குளிர்ச்சியும்தான் என்று நம்புகிறவர்களைச் சித்திரை மாதம் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் அரைமணி நேரம் நிறுத்திவைத்தால் போதும். மேற்குத்தொடர்ச்சி மலை பாலக்காட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. அந்த வழியாகத் தமிழ்நாட்டு அனல்காற்று, வாளையார் செக்போஸ்ட்டில்கூட நிற்காமல் உள்ளே வரும். 2016 ஏப்ரலில் பாலக்காடு மாவட்டத்தில் 41.9 டிகிரி பதிவானது.

அப்பேர்ப்பட்ட ஊரில் அரிசிமண்டிக்காரர் ஒருவர் சைபீரியன் ஹஸ்கி வாங்கினார்.

காரணம் அவருடைய மச்சான். மச்சானுக்குக் குமுளிக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டம். அங்கே ஒரு ஹஸ்கி நீலக் கண்ணோடு படியிறங்கி வரும் போட்டோவைப் பார்த்ததிலிருந்து மண்டிக்காரரின் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. "அதுவும் கேரளா, இதுவும் கேரளா. அங்க இருக்கற நாய் இங்க இருக்காதா?" என்றார் மண்டிக்காரர். அதே கேரளத்து மூணாறில் ஜனவரி மாதம் புல்லின்மேல் உறைபனி படிகிறது என்ற விவரத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஹஸ்கியைக் குறைத்துப் பேசக் கூடாது. சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த இனம் அது. 1925-இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பனியில் ஓடி ஐந்தரை நாளில் மருந்து கொண்டுபோய்ச் சேர்த்தவை பனிவண்டி நாய்கள்தாம். அந்த ஓட்டத்தில் பேர்வாங்கியவை டோகோவும் பால்டோவும். அந்த வம்சத்தில் வந்த நாய் கொழிஞ்சாம்பாறையில் குளியலறையை விட்டு வெளியே வர மறுத்தது. ஈரத் தரையில் வயிற்றை ஒட்டவைத்துப் படுத்தால், படுத்ததுதான்.

"ஏனுங்க, அது எந்திரிச்சாத்தானுங்களே நான் குளிக்க முடியும்?" என்றார் மனைவி. ஒரே வாரத்தில் ஏ.சி. வந்தது. டேபிள் ஃபேன் கேட்டு அலுத்துப்போயிருந்த மண்டிக்காரரின் அம்மா, பாயைச் சுருட்டிக்கொண்டு நாயின் அறைக்குக் குடிபோனார்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் மண்டிக்காரர் ஒரு யோசனை வைத்தார்: "பழனிக்கு வேண்டிக்கிட்டு மொட்டை போட்டுடலாங்களா?"

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஹஸ்கிக்கு ரோமம் இரண்டு அடுக்கு. குளிரைத் தடுக்கும் அதே ரோமம்தான் வெயில் நேராகத் தோலில் படாமலும் காக்கிறது. சிரைத்துவிட்டால் தோல் வெந்துபோகும், ரோமமும் பழையபடி முளைக்கும் என்று சொல்வதற்கில்லை. நாய்க்கு வியர்வை என்பது பெரும்பாலும் பாதத்தில்தான். மற்ற சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். உடம்புச்சூடு 38, 39 டிகிரி இருப்பது அதற்கு இயல்பு. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மூக்கு சப்பையான பக் வகைக்கு இரைப்பதே பெரும்பாடு. (2003-இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பக் சிறுவன் பின்னாலேயே போனது, அதைப் பார்த்துவிட்டு நாட்டில் பாதிப் பேர் பக் வாங்கப் போனார்கள். விளம்பரத்தில் வெயில் தெரியாது.)

தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை, பிறவிக் கோளாறு உள்ளவை என்று 11 அயல் இனங்களைப் பட்டியலிட்டது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் எல்லாம் அதில் உண்டு. நாய் வளர்ப்போர் கொதித்தார்கள். நாய்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

கடைசியில் ஹஸ்கியும் குமுளிக்கே ஏறியது. அதை விட்டுவிட்டு மலையிறங்கிய மண்டிக்காரர், கம்பத்தைத் தாண்டிக் கோம்பைக்குப் போனார். உத்தமபாளையம் வட்டத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். பக்கத்துப் பண்ணைப்புரம் இளையராஜாவைக் கொடுத்தது. கோம்பை நாயைக் கொடுத்தது. செம்பட்டை நிறம், கருத்த மூஞ்சி, ஒட்டிய ரோமம், காட்டுப்பன்றியை மடக்கும் நெஞ்சு. 2020 ஆகஸ்டில் பிரதமர் மனதின் குரல் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னியோடு கோம்பையையும் பேர் சொல்லிப் பாராட்டினார்.

அதற்காக நாட்டு நாய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பதில்லை. 2005-இல் தபால்தலையில் ஏறிய ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. வாங்குமுன் பின்னாலிருந்து கைதட்டிப் பார்க்க வேண்டும். சிப்பிப்பாறையை இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் அடைப்பது பாவம், அதற்கு ஓடக் காடு வேண்டும். கோம்பைக்கு வெயில் ஒரு பொருட்டல்ல, விருந்தாளிதான் பிரச்சினை.

மண்டிக்காரர் வாங்கிவந்த கோம்பை பங்குனி வெயிலில் மண்டி வாசலில் வேப்பமர நிழல் ஒன்றே போதும் என்று படுத்திருந்தது. கடன் சொல்லி அரிசி கேட்பவர்கள் அந்தப் பக்கம் வருவது நின்றது. காசு கொடுத்து வாங்குகிறவர்களும் எதிர்ப்பக்கக் கடைக்குப் போனார்கள். அம்மாவுக்கு வேறு வருத்தம்: "இதுக்கும் ஏ.சி. வேணும்னு டாக்டரு எழுதிக் குடுக்க மாட்டாராடா?"

மார்கழி விடுமுறையில் குடும்பம் குமுளிக்குப் போனது, கோம்பையும் கூடவே. முதல் ராத்திரியே அது கிடுகிடுவென்று நடுங்கியது. ஹஸ்கி முற்றத்துப் பனியில் மல்லாந்து கிடந்து அதை வேடிக்கை பார்த்தது. "என்ன மாப்ள, உங்க நாய்க்கு நான் ஹீட்டர் வாங்கணுமா?" என்று சிரித்த மச்சான், தன் பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி மாட்டிவிட்டார். கோம்பை அதைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் குறுக்கே படுத்தது. மறுநாள் சாயங்காலம் தோட்டத்திலிருந்து திரும்பிய மச்சானைச் சொந்த வீட்டுக்குள் விடவில்லை.