மாமாவின் மருத்துவ ஞானம்

எங்கள் மாமாவைப் போல மருத்துவம் அறிந்தவர் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. சளியைச் சோதித்து, எக்ஸ்ரே எடுத்து, காசநோய் என்று கண்டபின் மருத்துவர் ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதினார். பாவம், படித்துப் பட்டம் வாங்கியவருக்கு அவ்வளவு நாள் தேவைப்படுகிறது. மாமாவுக்கு இரண்டு மாதமே ஏராளம். இருமல் அடங்கியது, பசி எடுத்தது, வேட்டி இடுப்பில் நின்றது. நோய் போய்விட்டதென்று கண்ணாடி முன் நின்றபடியே கண்டுபிடித்துவிட்டார். நுரையீரலின் மூலையில் பதுங்கியிருக்கும் கிருமி கண்ணாடியில் தெரியுமா என்று கேட்பவர்களுக்கு அனுபவம் போதாது.

நோய் அறிவதிலும் அவர் நிபுணர். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று நர்ஸம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். மருந்தின் நிறம் அது என்று நம்ப மாமா என்ன சின்னக் குழந்தையா? "உடம்புச் சூடு" என்று ஒரே பார்வையில் தீர்ப்பளித்தார். அன்று முதல் இளநீர் தினமும், மாத்திரை இருமல் வந்த நாளில் மட்டும்.

வரலாற்று அறிவுக்கும் குறைவில்லை. சானடோரியத்தில் போய்ப் படுக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் காசநோய் அதே அளவுக்குக் குணமாகும் என்று 1950களின் பிற்பகுதியில் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. அந்த முடிவில் "வீட்டிலிருந்தே" என்ற பகுதியை மாமா இன்றுவரை வழுவாமல் கடைப்பிடிக்கிறார். சத்துணவுக்காக மாதத்துக்கு 1000 ரூபாய் வீதம் அரசு வங்கிக் கணக்கில் போடும் பணத்தை எடுப்பதிலும் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. சிகிச்சையை மதிக்காதவர் என்று அவரை யார் சொல்ல முடியும்?

எல்லாவற்றிலும் பெரியது அவருடைய ஜீவகாருண்யம். ஒன்றுக்குத் தப்பிய கிருமி இன்னொன்றில் மாட்டட்டும் என்றுதான் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளைச் சேர்த்தே கொடுக்கிறார்கள். விட்டுவிட்டு மாத்திரை போட்டால், மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்குத் தழைக்க இடம் கிடைக்கும். மாமா கிடைக்கச் செய்தார். வளர்ந்ததைத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளும் குணமும் இல்லை. பேரனை மடியில் வைத்துக்கொண்டுதான் இருமுவார். மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளையும் வீணாக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு நாள்பட்ட இருமல் என்றதும், சீட்டோ சோதனையோ கேட்டு அலைக்கழிக்காமல், கைநிறைய எடுத்துக் கொடுத்தார்.

இப்போது ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே அவருடைய கிருமி மசிவதில்லை. பெடாகுயிலின், லினசோலிட் என்று மருந்துகள் மாறிவிட்டன. ஈசிஜி எடுக்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், கால் மரத்துப்போகிறதா என்று கேட்கிறார்கள். மாமா தளரவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

"பழைய மாத்திரை எனக்குக் கேக்காதுன்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா, மாப்ளே?"

ஆய்வுக்கூடச் சீட்டிலும் ஏறக்குறைய அதையேதான் எழுதியிருந்தார்கள்.