தாயம் கேளுங்கள், சொல்கிறேன்

தாயக்கட்டையில் ஒன்று விழுந்தாலும் ‘தாயம்’, அப்பன் சொத்துக்கும் ‘தாயம்’. குழப்பமாக இல்லையா?
(தெஹியோவிட்ட வாசகர்)

இதில் என்ன குழப்பம்? கட்டையில் தாயம் விழுந்தால் காய் உள்ளே வரும். சொத்தில் தாயம் விழுந்தால் தாயாதி உள்ளே வருவார். தருமர் ஒரு தாயத்தை உருட்டப்போய் மற்றத் தாயத்தை விட்டவர்.

இரண்டு கட்டையிலும் வெறும் பக்கம் விழுந்தால் பன்னிரண்டாமே! என்ன நியாயம்?
(எட்டியாந்தோட்டை வாசகி)

கட்டைக்கு நான்கு பக்கம்: 0, 1, 2, 3. இரண்டும் சேர்ந்து விழும் வகை 16. தாயத்துக்கு அதில் இரண்டு வழி, பன்னிரண்டுக்கு ஒன்றே ஒன்று. அரிதாக வருவதற்கு மரியாதை அதிகம். ஒன்றுமில்லாத இருவர் ஒன்றுசேர்ந்தால் பன்னிரண்டு! தொழிற்சங்கம் கண்டவர் தாயம் ஆடியிருப்பார்.

304 சீட்டாட்டத்துக்கு அந்தப் பெயர் ஏன்?
(தெரணியகலை வாசகர்)

கூட்டிப் பாருங்கள். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஒரு வகைக்கு 76, நான்கு வகைக்கும் 304. ராஜாவைவிட ஏவலாளான ஜாக்குக்குப் பத்து மடங்கு பெறுமதி! இந்த ஆட்டத்தைத் துரைமாருக்குச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

துரும்பு என்றால் அற்பம். ஓமிச் சீட்டாட்டத்தில் மட்டும் அதற்கு ஏன் இத்தனை பவிசு?
(அவிசாவளை வாசகர்)

சீட்டுத் துரும்பு ஐரோப்பியரோடு கப்பலில் வந்தது, வைக்கோற்போரில் பிறந்ததல்ல. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். ஓமியில் துரும்பு ஏழு, மற்ற வகை ஏஸின் பல்லையே உடைக்கும்.

கிரிக்கெட்டில் ஓட்டமில்லாமல் போனால் ‘டக்’. நாம் ‘முட்டை’ என்கிறோமே?
(தெஹியோவிட்ட மாணவி)

சைபரின் வடிவத்தைப் பார்த்து ஆங்கிலேயர் முதலில் ‘வாத்து முட்டை’ என்றுதான் சொன்னார்கள். பிறகு வாத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். முட்டை நமக்கு.

எந்த ஆட்டத்திலும் இல்லாத புள்ளி எங்கள் தோட்டத்தில் உண்டு: கொழுந்து குறைந்தால் அரைநாள் சம்பளம் போடும் அரைப்பேர்! சரிதானே?
(தெஹியோவிட்ட தோட்டத் தொழிலாளி)

உண்டே, அக்கா. சதுரங்கத்தில் சமநிலை என்றால் அரைப் புள்ளி. ஆனால் அங்கே மிச்ச அரை எதிரே இருப்பவருக்குப் போவது எல்லாருக்கும் தெரியும். கிலோ குறைந்த நாளில் உங்கள் மிச்ச அரை யாருக்குப் போனது? கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை நீங்களும் பாருங்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த கிலோவைக் கேட்டு, அன்றைக்கே கொப்பியில் எழுதி வையுங்கள்.