பட்டியலில் கைவைக்காதீர்!

கே: விண்டோஸ் நல்லதா, லினக்ஸ் நல்லதா? (வாசகர், போடிநாயக்கனூர்)

ப: இரண்டையும் வைத்துக்கொண்டு, எது வேண்டும் என்று உங்களையே கேட்கும் மெனு நல்லது.

கே: அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் பாஸ் லினக்ஸும் விண்டோஸும் இருக்கின்றன. ஆன் செய்தால் வரும் மெனுவில் ஏகப்பட்ட வரிகள். அந்த மெனுவைக் காட்டும் கிரப் நிரலின் கிரப்.சிஎஃப்ஜி கோப்பைத் திறந்து வேண்டாததை அழித்தேன். அப்டேட் போட்டதும் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. என்ன கோளாறு? (மாணவி, சிலமலை)

ப: கோளாறே இல்லை, கணினி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் வழியாக வந்த மடிக்கணினிகளால், நம் பிள்ளைகள் ஏராளமானோர் இந்த மெனுவை முதன்முதலாகப் பார்த்தார்கள். அதை யார் எழுதுகிறார்கள் என்று மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. நீங்கள் திருத்திய கோப்பு மனிதர் எழுதியதல்ல. அதன் தலையிலேயே ‘இதைத் திருத்தாதே’ என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். பாஸ், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. டெபியன் குடும்பத்தில் லினக்ஸின் கருவான கெர்னல் புதிதாக ஏறும்போதெல்லாம் அப்டேட்-கிரப் என்ற கட்டளை தானாக ஓடும். அது இடிசி-யில் உள்ள கிரப்.டி கோப்புறையின் ஸ்கிரிப்டுகளை எண் வரிசைப்படி இயக்கும். 10 என்று தொடங்குவது வட்டில் உள்ள கெர்னல்களைத் தேடி ஒவ்வொன்றுக்கும் வரி எழுதும். 30 என்று தொடங்குவது விண்டோஸ் போன்ற மற்றவற்றைத் தேடும். போடியில் ஏலக்காய் ஏலத்துக்கு வந்த மூட்டைகளை வைத்துத்தானே அன்றைய பட்டியல் போடுகிறார்கள்? மூட்டை அங்கேயே இருக்க, தாளில் மட்டும் அடித்தால் அடுத்த பட்டியலில் அது மறுபடி வரத்தான் செய்யும். ஆகவே மூட்டையை நகர்த்துங்கள். பழைய கெர்னல்களை நீக்குங்கள். புதியது மக்கர் செய்தால் கைகொடுக்க ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். ரெக்கவரி வரிகள் வேண்டாமென்றால் இடிசி-டீஃபால்ட்-கிரப் கோப்பில் ‘கிரப்_டிசேபிள்_ரெக்கவரி’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கி, அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். விளைவைத் திருத்தினால் ஒருநாள் நிற்கும், மூலத்தைத் திருத்தினால் நிலைத்து நிற்கும்.

கே: ஒரு வரி மாற்ற இத்தனை சுற்றா? பழைய கிரப்பின் மெனு.எல்எஸ்டி கோப்பில் கையாலேயே எழுதி நிம்மதியாக இருந்தோமே! (வாசகர், ராசிங்கபுரம்)

ப: நியாயமான கேள்விதான். கையால் எழுதியது எளிமை, எழுதியவருக்கு ஒவ்வொரு வரியும் தெரியும். ஆனால் அந்த எளிமைக்கு விலை உண்டு. பழைய கிரப் வட்டுப் பகுதிகளை 0 முதல் எண்ணியது, கிரப் 2 அவற்றை 1 முதல் எண்ணுகிறது. பழைய பழக்கத்தில் எழுதினால் ஓர் எண் பிசகும், கணினி கறுப்புத் திரையில் நிற்கும். தானாக உருவாகும் வரியோ பகுதியை அதன் யுயுஐடி அடையாளத்தைக் கொண்டு தேடுகிறது, வரிசை மாறினாலும் தடுமாறாது. மேலும் புதிய மெனு முதலில் ‘.நியூ’ என்ற தனிக் கோப்பில்தான் எழுதப்படுகிறது. தொடரமைப்பில் பிழை இல்லையென்று சோதித்த பிறகே பழையதன் இடத்துக்கு வருகிறது. கையால் எழுதுபவர் அடைப்புக்குறி ஒன்றை விட்டாலும் அடுத்த முறை ஆன் செய்யும்போதுதான் தெரியும்.

‘கருவியும் தவறுமே, லினக்ஸை அப்டேட் செய்ததும் மெனுவில் விண்டோஸைக் காணோமே’ என்பீர்கள். 2021-இல் வந்த கிரப் 2.06 பதிப்பு, மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலையைப் பாதுகாப்புக் கருதித் தானாகச் செய்வதில்லை. ‘கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர்’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் விண்டோஸ் வரும். அங்கேயும் மாற்ற வேண்டியது அமைப்பைத்தான், மெனுவை அல்ல. கிரப்புக்கு மாற்றான சிஸ்டம்டி-பூட்டில் ஒரு கெர்னலுக்கு ஒரு சிறு கோப்புதான், 2019-இல் ஃபெடோரா 30-உம் அவ்வழிக்கு மாறியது, பெரிய கோப்பே வேண்டாமே என்று கேட்கலாம். நல்ல வழிதான். ஆனால் அந்தச் சிறு கோப்பையும் கெர்னல் ஏறும்போது ஸ்கிரிப்டுதான் எழுதுகிறது. கையெழுத்தில் அவ்வளவு ஆசை என்றால் 40_கஸ்டம் என்ற கோப்பு உங்களுக்காகவே இருக்கிறது. அதில் எழுதியதை எந்த அப்டேட்டும் அழிக்காது, மெனுவில் அப்படியே சேர்க்கும்.

கே: ஒரே கட்டளையில் எல்லாப் பிரச்சினையும் தீருமா? (வாசகர், மேலச்சொக்கநாதபுரம்)

ப: தீரும், கணினியை விற்றுவிட்டால்.

கே: மாணவர் ஒருவரின் பழைய மடிக்கணினியில் விண்டோஸை மறுபடி ஏற்றியதும் லினக்ஸ் மெனு மறைந்துவிட்டது. எல்லாவற்றையும் ஃபார்மட் செய்தால்தான் ஆகும் என்கிறார்கள். உண்மையா? (ஆசிரியர், தேவாரம்)

ப: இல்லை ஐயா, தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். அந்தக் காலக் கணினிகளில் வட்டின் முதல் 512 பைட்டில் 446 பைட்தான் தொடக்க நிரலுக்கான இடம். விண்டோஸ் அந்த இடத்தில் தன் நிரலை எழுதிவிட்டது, அவ்வளவே. அது தன் பகுதியில் மட்டும் ஏறியிருந்தால் லினக்ஸும், அதன் மெனுக் கோப்பும், அந்தப் பிள்ளையின் பாடக் குறிப்புகளும் அப்படியே இருக்கும். பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கி, முதலில் கோப்புகளைப் பிரதி எடுங்கள். பிறகு பழைய லினக்ஸ் பகுதியை மவுன்ட் செய்து, அதன் பூட் கோப்புறையைக் காட்டி, கிரப்-இன்ஸ்டால் கட்டளையை வட்டின் மேல் ஓட்டுங்கள். லினக்ஸுக்குள் வந்ததும் ஒருமுறை அப்டேட்-கிரப். மெனுவை உருவாக்குவது ஒரு வேலை, மெனுவைக் காட்டும் நிரலைப் பதிப்பது வேறு வேலை. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் தேவையில்லாத ஃபார்மட் பாதி குறையும். போடிமெட்டைத் தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. நம் அரசும் அதே லினக்ஸைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தது. அதை உயிரோடு வைத்திருக்கும் வழியையும் வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்லித்தந்தால் அந்தக் கொடை முழுமையாகும். நீங்களே தொடங்குங்கள்.

கே: மெனு 5 நொடி நிற்பது எரிச்சலாக இருக்கிறது. 0 ஆக்கிவிடலாமா? (வாசகர், குரங்கணி)

ப: ‘கிரப்_டைம்அவுட்’டை 2 ஆக்குங்கள், கெர்னல் மக்கர் செய்யும் நாளில் பழையதைத் தேர்ந்தெடுக்க அந்த 2 நொடி வேண்டும்.